தூணும் மனிதனும்

நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்த நான் இந்த மாதம் ஒரு ரயில் நிலையத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பிடிக்காத நாவலை மூடி வைத்துவிடலாம். நிலையத்தை அப்படி மூடி வைக்க முடியாது. தினமும் ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும். அதனால் விமரிசனம் அதற்குத்தான் அதிகம் தேவை.

சென்னைக் கடற்கரையிலிருந்து கிளம்பும் மேம்பாலத் தடத்துக்கு ஜனங்கள் இட்ட பெயர் பறக்கும் ரயில். 1995-ல் முதல் பகுதி திறந்தபோது கடைசி நிலையம் சேப்பாக்கம். 1997-ல் தடம் மயிலாப்பூருக்கும், 2004-ல் திருவான்மியூருக்கும், 2007-ல் வேளச்சேரிக்கும் நீண்டது. மாநிலக் கல்லூரி மாணவர்களும், கிரிக்கெட் பார்க்க வருகிறவர்களும், சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களும் இறங்குமிடம் சேப்பாக்கம்.

நிலையத்தில் பிரம்மாண்டம் இருக்கிறது. பருத்த தூண்கள், உயர்ந்த கூரை, பரந்த கூடம். ஆட்டமில்லாத நாளில் அந்தக் கூடத்தில் நடப்பவன் தன் செருப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நடக்கிறான். பெரிய கதையைத் திட்டமிட்டு, பாத்திரங்களை மறந்துபோன நாவலாசிரியரை எனக்கு இது நினைவூட்டுகிறது. சாயங்காலம் தனியே வரும் பெண்ணையும், முழங்கால் வலியோடு படியேறும் கிழவரையும் மனத்தில் வைத்துக் கட்டியிருந்தால் கூடம் சிறுத்திருக்கும், வெளிச்சம் கூடியிருக்கும்.

பக்கத்திலேயே இருக்கிறது கல்லூரி. 1870-ல் சிஷோம் கட்டிய கட்டடம். அதுவும் பெரியதுதான். ஆனால் அதன் தாழ்வாரங்களில் வெயிலுக்கு ஒதுங்கலாம், கடற்காற்று வாங்கலாம். ஆகவே, குற்றம் பெருமையில் இல்லை. மனிதனை நினையாமையில் இருக்கிறது.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. தடத்தின் கீழே கிடப்பது பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதியைத் தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-ல், பசித்த ஜனங்கள் கூலிக்கு வெட்டினார்கள். கால்வாய்க்குக் கவர்னரின் பெயர் கிடைத்தது. வெட்டியவர்களுக்குக் கஞ்சி கிடைத்தது. பிற்காலத்தில் அதிலேயே தூண்களை நட்டார்கள். நிலம் தேடும் தொல்லை குறைந்தது, வாஸ்தவம். ஆனால் தண்ணீரின் வழியும் குறைந்தது.

1903-ல் இந்தக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த உ. வே. சாமிநாதையர் குடியிருந்த திருவட்டீசுவரன்பேட்டையும் கிட்டத்தில்தான். அவருடைய தியாகராஜ விலாசத்தை 2012-ல் இடித்தார்கள். ஏடுகளைக் கரையானிடமிருந்து மீட்டவரின் வீட்டை மீட்க ஆளில்லை.

நான் பார்த்தவரையில், நிலையத்தின் அத்தனை வெற்றுச் சுவர்களில் ஒன்றுகூட இந்த இரண்டு சங்கதிகளையும் சொல்லவில்லை. ஒரு தூணில் நான்கு வரி எழுதினால் போதும். அந்த சிமெண்டுக்கு உயிர் வந்துவிடும். இறங்கும் பையனுக்கும் தான் எங்கே இறங்குகிறோம் என்பது தெரியும்.

போன வாரம் மாடிப்படியில் நான்கு மாணவர்கள் நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்துக்கு நிலையம் நிலையமாக இருந்தது. நல்ல வாசகர்கள் சுமாரான நாவலைக்கூடக் காப்பாற்றிவிடுவதுண்டு. அந்தப் பாராட்டு ஆசிரியரைச் சேராது.