ஓடாத கார்

நாற்பத்தைந்து வயதில் ஒருவன் கடைக்குப் போய் ஒரு பென்சிலும் ரப்பரும் படம் போடும் நோட்டும் வாங்கினால், கடைக்காரர் "குழந்தைக்கா, சார்?" என்றுதான் கேட்பார். கேட்டார். நானும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த அளவு பொய் ஒரு பிரமாதமா?

உண்மையில் குழந்தை ஒன்றும் இதில் சம்பந்தப்பட்டுத்தான் இருந்தது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கையின் பையன், பதின்மூன்று வயது, ஒரு நாள் மாலை ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். நோட்டு முழுவதும் பந்தயக் கார்கள், நடுநடுவே ஓட்டக்காரர்கள். "மாமா, நீங்கதான் எல்லாப் புஸ்தகத்தையும் நல்லது கெட்டது எழுதறீங்களே, இதைப் பார்த்துச் சொல்லுங்க. சும்மா நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாது" என்றான்.

பார்த்தேன். கார்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. பின்னால் புகை போட்டிருந்தான், காற்றுக் கோடுகள் போட்டிருந்தான், அப்படியும் நின்றன. ஓட்டக்காரர்களோ வலது கையையும் வலது காலையும் ஜோடியாக முன்னே நீட்டிக்கொண்டு நின்றார்கள். என் நாக்கு நுனியில் வேடிக்கையான ஒரு வாக்கியம் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருப்பார்கள். சொல்லவில்லை. "நீ ஊருக்குப் போவதற்குள் சொல்கிறேன்" என்று நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

காரணம், அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதியிருக்கிறேன்.

பள்ளிக்கூட நாளில் எங்கள் வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஆசிரியர் நான். படம் போடுகிறவன் என் சிநேகிதன் ஒருவன். விளையாட்டு விழா மலருக்கு நூறு மீட்டர் ஓட்டத்தைப் படமாகப் போட்டுக் கொடுத்தான். அதிலும் இதே பிழை. வலது கையும் வலது காலும் சேர்ந்து புறப்பட்டிருந்தன. அதே இதழில் 'சித்திர விமரிசனம்' என்று அரைப் பக்கம் எழுதினேன். இந்த வீரன் ஓடவில்லை, யாரோ கையையும் காலையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கிறார்கள் என்பது அதன் சாரம். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த இதழுக்குப் படம் கேட்டபோது "நேரமில்லை" என்றான். அதற்கடுத்த இதழுக்கும் அவனுக்கு நேரமில்லை.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் அவனைச் சந்தித்தேன். என் நாவல்களை ஒன்று விடாமல் படித்திருந்தான். "இப்போது படம் போடுவது உண்டா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நமக்கு வராதுன்னு நீதான் அப்பவே எழுதிட்டியே" என்று சிரித்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தான். அன்று இலையில் என்ன பரிமாறினார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

ஆகையால் இந்தத் தடவை, அபிப்பிராயம் சொல்வதற்கு முன் நானே ஒரு காரும் ஒரு ஓட்டக்காரனும் போட்டுப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

'ஆரம்பச் சித்திரக்காரர்களுக்கு' என்ற தினுசில் வரும் புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டினேன். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். முதல் படத்தில் இரண்டு வட்டம். இரண்டாம் படத்தில் வட்டங்களின் மேல் ஒரு பெட்டி. மூன்றாம் படத்தில் பெட்டியின் மூலைகள் மழுங்கியிருக்கும். நாலாம் படத்தில், கண்ணாடியில் மேகம் தெரிய, பளபளவென்று ஒரு பந்தயக் கார்! மூன்றாம் படத்துக்கும் நாலாம் படத்துக்கும் நடுவே பத்து வருஷ உழைப்பு இருக்கிறது. அதை அச்சிட இடமில்லை போலும். நாவல் எழுதக் கற்றுக்கொடுக்கிற புத்தகங்களும் இப்படித்தான். கதாநாயகனைத் தேர்ந்தெடு, கஷ்டத்தைக் கொடு, பிறகு மனத்தை உருக்கும் முடிவை எழுது என்பார்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு காப்பி டம்ளர். டம்ளரின் வாய் வட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேஜைமேல் இருக்கும் டம்ளரைப் பாருங்கள். அது வட்டமாகவா தெரிகிறது? நீண்டு ஒடுங்கிய முட்டை வடிவமாகத் தெரியும். கண்மட்டத்துக்கு உயர்த்தினால் வெறும் கோடாகிவிடும். சக்கரமும் அப்படித்தான். காரை நேர்ப் பக்கவாட்டில் பார்த்தால்தான் அது வட்டம். சற்று முன்புறமாக நின்று பார்த்தால் ஒடுங்கிவிடுகிறது. ஒடுங்குகிற திசைக்கும் ஒரு நியாயம் உண்டு. முட்டை வடிவத்தின் குறுகிய அகலம், சக்கரம் கோத்திருக்கும் அச்சின் திசையிலேயே விழ வேண்டும். இது தவறினால் சக்கரம் கழன்று உருளப் போகிறது என்று தோன்றும். இன்னொரு கணக்கும் கிடைத்தது. சாதாரணக் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று சக்கரங்களை வைக்கலாம். ஃபார்முலா ஒன் பந்தயக் காரில் ஏறக்குறைய நாலு வைக்கலாம். அந்த நீளமும் தரையை ஒட்டிய தாழ்வும்தான் அதை நிற்கும்போதே ஓடுகிற வண்டியாகக் காட்டுகின்றன.

பையனின் கார் ஏன் நின்றது என்பது இப்போது விளங்கிற்று. காரின் உடலை முன்புறமாகச் சாய்ந்து பார்த்தவன், சக்கரத்தை மட்டும் பக்கவாட்டில் பார்த்திருந்தான். கண் கண்டதை விட்டு, மனம் அறிந்ததைக் கை எழுதிவிட்டது. 'சக்கரம் வட்டம்' என்பது அறிவு. அறிவு நல்லதுதான். ஆனால் பார்க்க வேண்டிய நேரத்தில் அது குறுக்கே வந்து நிற்கும்.

அடுத்தது ஓட்டக்காரன். எந்தக் கை எந்தக் காலோடு போகிறது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, தாழ்வாரத்தில் நானே இரண்டு தடவை ஓடிப் பார்த்தேன். "எந்த ரயிலுக்கு?" என்று கேட்டாள் என் மனைவி. இடது கால் முன்னே போனால் வலது கை முன்னே போகிறது. இடுப்பு ஒரு பக்கம் திரும்பும்போது தோள் எதிர்ப்பக்கம் திரும்பி உடம்பைச் சமன் செய்கிறது. வாழ்நாள் முழுவதும் நடந்தும் ஓடியும் வந்தவனுக்கு இது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெற்றியோடு நாற்காலியில் உட்கார்ந்து, பழைய கிரேக்கச் சித்திரங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றைத் திறந்தேன். ஏதென்ஸ் நகரத்துப் பானதினேயப் பந்தயங்களில் ஜயித்தவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் நிரப்பிய ஜாடிகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஜாடியின் ஒரு பக்கத்தில் அதீனா தேவி. மறுபக்கத்தில் பந்தயத்தின் படம். கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படிப்பட்ட சில ஜாடிகளில் ஓட்டக்காரர்கள் எப்படி ஓடுகிறார்கள் தெரியுமா? வலது கையும் வலது காலும் சேர்ந்தாற்போல் முன்னே போகின்றன! என் சிநேகிதன் போட்ட அதே படம். ஓட்டத்தைக் கண்ணாரக் கண்டு வளர்ந்த ஜனங்களின் சித்திரக்காரன் போட்டது. பந்தயத்தில் ஜயித்தவன் பெருமையோடு வீட்டுக்கு எடுத்துப் போனது. அரைப் பக்க விமரிசனம் எழுதிய ஆசிரியர் அவர்களுக்கு அந்த இடத்தில் மேற்கொண்டு ஓட முடியவில்லை.

அப்படியானால் பிழை என்று ஒன்று கிடையாதா? உண்டு. ஆனால் அது நான் நினைத்த இடத்தில் இல்லை.

ஜெரிக்கோ என்ற பிரெஞ்சு ஓவியர் 1821-ல் இங்கிலாந்தில் எப்ஸம் குதிரைப் பந்தயத்தை வரைந்தார். படம் இப்போது பாரிஸில் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. நாலு குதிரைகள், ஒவ்வொன்றும் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் முழுக்க நீட்டிக்கொண்டு, தரையைத் தொடாமல் பறக்கின்றன. 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் காமிராக்களை வைத்து, ஓடும் குதிரையைத் தொடர்ச்சியாகப் படம் பிடித்தார். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. நாலு கால்களும் தரையை விட்டுக் கிளம்பும் கணம் ஒன்று உண்டு. ஆனால் கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேரும்போது! ஜெரிக்கோ வரைந்தபடி எந்தக் குதிரையும் ஓடியதில்லை. அவரோ குதிரைப் பைத்தியம். குதிரை தெரியாதவர் அல்ல.

பிழை அம்பலமாயிற்று. படம் நின்றுவிட்டதா? இல்லை. இன்றைக்கும் அந்தக் குதிரைகள் ஓடுகின்றன. மைபிரிட்ஜின் தனிப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் குதிரை அந்தரத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. சிற்பி ரோதேன் 1911-ல் வெளியான தம் உரையாடல் நூலில் ஜெரிக்கோவின் கட்சியில்தான் பேசினார். காலம் நிற்பதில்லை, அதை நிறுத்திக் காட்டும் காமிராதான் பொய் சொல்கிறது, முன்னும் பின்னுமான கணங்களைச் சேர்த்துக் காட்டும் கலைஞன் சொல்வதே உண்மை என்பது அவர் வாதம்.

எனக்கு இந்த வாதம் முழுக்கச் சம்மதமில்லை. கணங்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் ஓட்டம் வந்துவிடாது. இத்தாலிய ஓவியர் பாலா 1912-ல் சங்கிலியில் போகும் நாய் ஒன்றை வரைந்தார். கால்கள், வால், சங்கிலி எல்லாம் பல தடவை போட்டு, எல்லாக் கணங்களையும் ஒரே படத்தில் சேர்த்திருக்கிறார். பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நான் அதில் ஓட்டத்தைப் பார்ப்பதில்லை. கால்களை எண்ணத் தொடங்கிவிடுகிறேன். ஜெரிக்கோவின் படத்தில் ஏன் எண்ணத் தோன்றவில்லை? அங்கே கருத்த வானம், வெறிச்சென்ற புல்தரை, குனிந்த சவாரிக்காரர்கள் எல்லாமே கால்கள் சொன்ன பொய்க்குச் சாட்சி சொல்கின்றன. ஒரு பொய்யைப் படம் முழுவதும் சேர்ந்து சொன்னால் அது உண்மையாகிவிடுகிறது. கால் மட்டும் சொன்னால் அது பிழை.

வேறொரு வழியும் இருக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் மிரோன் என்ற கிரேக்கச் சிற்பி வட்டு எறிகிறவனைச் செய்தான். அசல் வெண்கலச் சிலை போய்விட்டது. ரோமானியர் செய்த சலவைக்கல் நகல்கள் மிஞ்சியிருக்கின்றன. அவன் எறியும் கணத்தைச் செய்யவில்லை. கை பின்னால் போய், முன்னால் வருவதற்கு முன் நிற்கிறதே, அந்தக் கணத்தைச் செய்தான். இயற்கையே ஒரு நொடி நிறுத்திவைத்ததைக் கல்லில் நிறுத்தினால் உறுத்துவதில்லை. அடுத்த நொடி நம் மனத்துக்குள் நடந்துவிடுகிறது. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னங்காலை ஊன்றி எழும்பி நிற்கும் அந்தக் கற்குதிரைகள் எந்த நிமிஷமும் இறங்கிவிடும் என்றுதான் பயமாக இருக்கும்.

கடைசியாக ஒரு காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1910-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் நடந்த மோட்டார்ப் பந்தயம் ஒன்றில், லார்த்தீக் என்ற வாலிபர், விரைந்து போகும் ஆறாம் எண் காரைக் காமிராவைத் திருப்பிக்கொண்டே படம் பிடித்தார். அந்தக் காமிராவின் திரையில் ஒரு மெல்லிய பிளவு. அது நகர நகரப் படத்தின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு நேரத்தில் பதிகிறது. பலன், காரின் சக்கரம் முட்டை வடிவமாகி முன்பக்கம் சாய்ந்துவிட்டது. கரையில் நின்ற மனிதர்களும் கம்பங்களும் பின்பக்கம் சாய்ந்துவிட்டார்கள். காரின் முன்பாதியும் படத்தில் விழவில்லை. தோற்றுப்போன படம் என்று லார்த்தீக் அதை ஒதுக்கிவைத்தார். 1963-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு 69 வயது. இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது அந்தத் தோற்ற படம்தான். கார்ட்டூன்களில் விரையும் கார் எல்லாம் இன்றைக்கும் அப்படிச் சாய்ந்த சக்கரத்தோடுதான் விரைகிறது.

அந்தப் படத்தை யாராவது அன்றைக்கே பார்த்து, அரைப் பக்கம் வேடிக்கையாக எழுதியிருந்தால்? நல்ல வேளை, காமிராவுக்கு வெட்கம் கிடையாது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு உண்டு.

இவ்வளவும் ஆன பிறகு என் சொந்த நாவல் ஒன்றை எடுத்து, அதில் வரும் ஓட்டப் பந்தய அத்தியாயத்தைப் படித்தேன். கதாநாயகன் அம்பாகப் பாய்கிறான், காற்றாகப் பறக்கிறான், மின்னலாக மறைகிறான். பையன் போட்ட புகையும் காற்றுக் கோடுகளும்தான்! அவன் எப்படி மூச்சு வாங்கினான், எந்தக் காலில் வலித்தது என்று ஒரு வரி இல்லை. அத்தியாயம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. பத்து வருஷமாக எந்த விமரிசகரும் அதைச் சொல்லவில்லை. பிறர் படத்தில் கயிற்றைக் கண்டுபிடித்தவன் நான்.

பையன் ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "இந்தக் காரின் மூக்கு நன்றாக வந்திருக்கிறது. சக்கரம் சரியில்லை. டம்ளர் வாயைப் பார்த்துப் போடு. ஓட்டக்காரனின் கையை, நீயே ஓடிப் பார்த்துவிட்டுப் போடு" என்றேன்.

"அப்போ தப்புதானே, மாமா?"

"தப்புதான். ஆனால் இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துத் தப்பு" என்று ஜாடியின் படத்தைக் காட்டினேன். அவன் முகத்தில் ஒரு கர்வம் வந்தது. பிறகு என் நோட்டைக் கேட்டு வாங்கினான். என் காரை வெகுநேரம் பார்த்தான். "பின் சக்கரம் கழண்டு விழப் போகுது, மாமா" என்றான். சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, சக்கரத்தின் நடுவே அச்சுக்கு ஒரு கோடு போட்டுக் காட்டினான். விமரிசனம் என்றால் அதுதான் என்று எனக்குத் தோன்றிற்று.

சென்ற வாரம் என் சிநேகிதனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஜாடிப் படத்தின் பிரதி ஒன்றையும் உள்ளே வைத்து, அந்த அரைப் பக்கத்தை வாபஸ் பெற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நேரமில்லை போலிருக்கிறது.