பாடநூலுக்கு வெளியே நிற்கும் துயரம்

சமூகப்பணி பயிலும் மாணவர்களுக்கென எழுதப்படும் அறிமுக உளவியல் நூல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஃபிராய்டின் நனவிலி, பாவ்லவின் நாய், மாஸ்லோ 1943இல் முன்வைத்த தேவைகளின் படிநிலை, பிறகு ஆளுமை, மனச்சோர்வு என அத்தியாயங்கள் வரிசையாக வரும். தேர்வுக்கு இவை போதும். களப்பணிக்குப் போதுமா?

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி எனும் பழங்குடியினர். (பெயரைக் கண்டு கேரளத்தவர் என எண்ண வேண்டாம், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபுக் கதை.) சாமை விளைச்சல் வயிற்றுக்கே போதாத நிலையில் ஆடவர் வெளியூர்க் கூலிக்குச் செல்கின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறித் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேரைச் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். ஜவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர்.

அத்தகைய வீடொன்றின் திண்ணையில் ஒரு மாணவி குறிப்பேட்டுடன் அமர்கிறாள் என வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவள் உறங்குவதில்லை, உண்பதில்லை, எதிலும் நாட்டம் கொள்வதில்லை. மூன்றும் பாடநூலின் அறிகுறிப் பட்டியலில் உள்ளவை. மாணவி ‘மனச்சோர்வு’ என எழுதுவாள். அது பொய்யாகாது. ஆனால் கடனும், கணவனை அழைத்துச் சென்ற தரகரும், வழக்கும், அடுத்த வேளைக் கூழும் அந்த ஒரு சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

அபூ ஸைத் அல்பல்கீ (850–934) இங்கு நினைவுக்கு வருகிறார். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ எனும் நூலில் உளநோவுகளைக் கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்காகப் பகுத்த அவர், துயரத்தை மேலும் இரண்டாக்கினார். இழப்பு போன்ற தெரிந்த காரணமுடையது ஒன்று. காரணம் புலப்படாது உடலிலிருந்தே எழுவது மற்றொன்று. பின்னதற்கு இரத்தத்தின் நிலையைக் காரணமாக்கும் அவரது விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்காது. நம்மவர் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டார் எனப் பெருமை பேசவும் இதைக் குறிப்பிடவில்லை. அந்தப் பகுப்பு இன்றும் தீராத வழக்கு என்பதற்காகவே குறிப்பிட்டேன். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 1980 முதல், உற்றாரை இழந்தோரின் துயரை மனச்சோர்வு நோயிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு அவ்விலக்கை நீக்கியது. துயரத்தினூடே உண்மையான நோயும் வரக்கூடும், அது கவனிக்கப்படாது போகலாகாது என்பது நீக்கியோரின் வாதம். அதில் நியாயம் உண்டு. மருந்து வேண்டியவளிடம் வறுமையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவதும் அநீதியே.

ஆனால் இப்படியொரு விவாதம் நடந்தது என்பதையே அறிமுக நூல்கள் மாணவருக்குச் சொல்வதில்லை. பட்டியலை மட்டும் தருகின்றன. அத்தியாய முடிவிலுள்ள பயிற்சி வினாக்களுள் ஒன்றாவது, அறிகுறிகளை எழுதக் கேட்பதற்குப் பதிலாக, அவ்வீட்டுக் கடன் எவ்வளவு, ரேஷன் அட்டை யார் பெயரில் உள்ளது என விசாரித்து வரச் சொல்லட்டும்.