ஈரத்தை வெளியேற்றிவிட்டு ஈரம் வாங்குகிறோம்

டொரன்டோ வட்டாரத்தில் குளிர் இறங்கியதும் மூக்கில் இரத்தம் கசிகிறது, பிள்ளைகளின் தோல் வெடிக்கிறது, மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி ஏறுகிறது. உடனே ஒரு ஹியூமிடிஃபையர் வாங்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. வறட்சி தரும் துன்பம் உண்மை. அந்தக் கருவி தரும் நிம்மதியும் உண்மை. ஆனால் எச்.ஆர்.வி. என்னும் வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவி பொருத்திய புதிய வீடுகளில் இந்த வழக்கம் நோயின் மூலத்தைத் தொடுவதில்லை.

காற்றுக் கசியாத வீட்டுக்குக் கனடாவில் முன்னோடி, 1977இல் ரெஜைனா நகரில் எழுந்த சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ். இடுக்குகளை எல்லாம் அடைத்த வீட்டுக்குள் புதுக்காற்று வர வழி வேண்டுமே! வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் கருவியை அங்கே வைத்தார்கள். இன்றைய எச்.ஆர்.வி. செய்வதும் அதுதான். வெப்பத்தை மீட்கும், ஈரத்தை மீட்காது.

மைனஸ் 20 டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் ஈரம் ஏறத்தாழ 1 கிராம். அதே காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டாது. நொடிக்கு 30 லிட்டர் வீதம் நாள் முழுதும் காற்றை மாற்றும் வீட்டில் 40 சதவீதத்தைக் காக்க நாளுக்குச் சுமார் 16 லிட்டர் நீர் தேவை. நால்வரின் மூச்சு, சமையல், குளியல் எல்லாம் சேர்ந்தாலும் ஏறத்தாழ 10 லிட்டர்தான் தேறும்.

கோளாறு தொடங்குவது இங்கேதான். கட்டட விதி காற்றோட்ட அளவைப் படுக்கையறைகளை எண்ணி வகுக்கிறது, ஆட்களை எண்ணி அல்ல. நான்கு அறை வீட்டில் இருவர் மட்டும் இருந்தால் வறட்சி நிச்சயம். அதே வீட்டில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று நிறைந்து, அடுப்பும் ஓயாமல் எரிந்தால் கண்ணாடியில் நீர் வழியும். இரு வீட்டுக்கும் ஒரே பரிந்துரை எப்படிப் பொருந்தும்?

ஹியூமிடிஃபையரின் குறைகளும் சிறியவை அல்ல. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் ஆற்றல் செலவாகும். அல்ட்ராசோனிக் வகையில் குழாய்நீரை ஊற்றினால் உப்புகள் வெண்தூசாக அறையெங்கும் படியும். கழுவாத தொட்டியில் கிருமி வளரும். இவற்றைவிட மோசமானது இரு கருவிகளும் மோதிக்கொள்வது: ஹியூமிடிஃபையரை 40க்கும் எச்.ஆர்.வி.யின் ஈரக் கட்டுப்பாட்டை 35க்கும் வைத்தால், ஒன்று ஊட்டும் ஈரத்தை மற்றது முழுவேகத்தில் வெளியே தள்ளும். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை.

எச்.ஆர்.வி.யின் மாற்று வகையான ஈ.ஆர்.வி., வெப்பத்தோடு வெளியேறும் ஈரத்தில் ஒரு பகுதியையும் திருப்பித் தருவதால், ஆள் குறைந்த வீட்டுக்கு அதுவே தகும். நெரிசலான வீட்டுக்கு எச்.ஆர்.வி. போதும். இருக்கும் கருவியை மாற்ற வழியில்லையா? மணிக்கு 20 நிமிடம் மட்டும் ஓடும்படி வைத்தால் ஈர இழப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும். வீட்டு வெப்பத்தை 24 டிகிரியிலிருந்து 20க்கு இறக்கினால், அதே ஈரம் 24 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயரும். இதற்குச் செலவே இல்லை. கடுங்குளிரில் 30 சதவீதமே போதுமான இலக்கு; 45ஐத் துரத்தினால் சன்னல் ஓரம் பூஞ்சை பிடிக்கும்.

ஆனால் வறட்சிக்கு அஞ்சிக் காற்றோட்டத்தையே நிறுத்திவிடாதீர்கள். ரேடானும் கரியமில வாயுவும் உள்ளேயே தேங்கும். புதுக் கருவி வாங்கப் புறப்படும் முன், சுவரில் இருக்கும் எச்.ஆர்.வி. கட்டுப்பாட்டு எண்ணை ஒருமுறை பாருங்கள்.