பிரிக்கலாம், ஓட்ட முடியாது: திறந்த மூல உலாவிகள் குறித்து

1

மூலநிரல் திறந்திருந்தால் அதைப் பயன்படுத்துகிறவர் விடுதலை பெற்றுவிடுகிறார் என்றொரு நம்பிக்கை நம்மிடையே புழங்கிவருகிறது. இடதுசாரி நண்பர்கள், தமிழ்த்தேசிய நண்பர்கள், சிற்றிதழ் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: 'கூகிளை விட்டுட்டு ஃபயர்பாக்ஸுக்கு வாங்க தோழர்.' மதமாற்ற அழைப்பு மாதிரி இருக்கும் இந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

வாசிப்பதற்கான இடம் வாலிநோக்கம். மன்னார் வளைகுடாக் கரையில் மீன்பிடியையும் உப்பளத்தையும் நம்பி இருக்கிற ஊர். தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் பாத்திகள் மாரியூரிலிருந்து இங்கே வரை கிடக்கின்றன. இந்த ஊரைத் தேர்ந்துகொள்ள இரண்டு காரணங்கள். இணையம் பற்றிய நம் கோட்பாட்டுப் பேச்சு முழுக்கச் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து பேசப்படுகிறது, 'பயனர்' என்ற சொல்லுக்குள் கடலாடி வட்டத்து மனுஷர் யாரும் இல்லை. இது முதல் காரணம். ஒரு காலத்தில் வாலிநோக்கம் கப்பல் உடைக்கிற கரையாகவும் இருந்தது என்பது இரண்டாவது. கட்டுடைப்பு என்ற சொல்லை நாம் புத்தகத்தில் வாசித்துக்கொண்டிருக்க, இங்கே கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பலை உடைக்கிறவருக்குத் தகடு தெரியும், ஆணி தெரியும், எந்திரம் எங்கே இருக்கிறது, எதை எங்கே அறுத்தால் எது விழும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் அந்தக் கப்பல் எங்கே போகவேண்டும் என்று ஒரு நாளும் அவரைக் கேட்டவர் கிடையாது. திறந்த மூலம் நமக்குத் தந்திருப்பதும் ஏறக்குறைய இந்த உடைப்பவரின் அறிவைத்தான். பிரிக்கலாம். பார்க்கலாம். ஓட்டுவது வேறு சங்கதி.

2

இந்தக் கரையில் உலாவி என்ற சொல்லை யாரும் புழங்குவதில்லை. 'எந்த பிரவுசர்ல பாக்குறீங்க?' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: 'அந்தக் கலர் வட்டந்தான் காக்கா, போனோடயே வந்துச்சு.'

'போனோடயே வந்துச்சு' என்பதில்தான் முழு அரசியலும் இருக்கிறது. கிராம்ஷி மேலாண்மை பற்றிப் பேசும்போது பலாத்காரத்தை விடச் சம்மதத்தை முக்கியப்படுத்தினார். இங்கே சம்மதம்கூடக் கேட்கப்படவில்லை. கேட்கப்படாத சம்மதம் இயற்கை மாதிரி ஆகிவிட்டது, கடலும் காற்றும் மாதிரி. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகிளுக்கு 1337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, தன் செயலிகளை முன்கூட்டியே கைபேசியில் நிறுவச்செய்வதும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்தது.

இதைப் பார்த்து 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று நம் நண்பர்கள் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தி இதே மாதிரி ஊர்களில் பையன்களுக்கு உலாவிகளின் பெயர் தெரியும். 'ஓபரா மினி போடு, காசு கம்மியா புடிக்கும்', 'யூசி போட்டா டவுன்லோடு வேகம்' என்று பேசிக்கொள்வார்கள். ஓபரா மினி பக்கத்தைத் தன் வழங்கியில் சுருக்கிக் கைபேசிக்கு அனுப்பியது. அலிபாபாவின் யூசி உலாவியும் தரவைச் சுருக்குவதைச் சொல்லித்தான் இந்தியாவில் பரவியது. ஒவ்வொரு எம்பிக்கும் காசு போன காலத்தில் தேர்வு என்பது வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவு மலிவானதும் தேர்ந்தெடுப்பதற்கான பொருளாதாரக் காரணம் போய்விட்டது. 2020 ஜூன் 29 அன்று தடைசெய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் யூசியும் போயிற்று. மிஞ்சியது போனோடு வந்தது மட்டும்.

ஆக, தேர்வு என்பது பொருளாயதத் தேவையிலிருந்து பிறக்கிறது. தேவை இல்லாத இடத்தில் போய் அறத்தைப் பிரசங்கம் செய்வதால் ஒன்றும் நடக்காது.

3

திறந்த மூலத்துக்கு நாம் பட்டிருக்கும் கடனையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விமர்சனம் நேர்மையற்றதாகிவிடும். அந்தக் கடன் மொழி சம்பந்தப்பட்டது.

'கொ' என்று எழுதுகிறோம். ஒருங்குறியில் அது 'க' என்ற மெய்யேறிய எழுத்தும் ஒகரக் குறியும்தான். அந்தக் குறி திரையில் எழுத்தின் இருபுறமும் பிரிந்து உட்கார வேண்டும். உட்காரவைக்க உலாவிக்குத் தெரியாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், புள்ளி வட்டம் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறிப்போகும். விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் சிக்கலான எழுத்துமுறைக்கான கோப்புகளைத் தனியாக நிறுவாவிட்டால் ஆரம்பகால ஃபயர்பாக்ஸில் தமிழ் இப்படித்தான் உடைந்து கிடந்தது. பத்தியை இருபுறமும் சமமாக நிரப்பி அமைத்த பக்கங்களில் இன்னும் மோசம். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சரியாயிற்று. பிற்பாடு ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல்தொகுதி ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் எழுத்துகளைக் கோக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு வாலிநோக்கத்துப் பிள்ளை கைபேசியில் 'கொழுக்கட்டை' என்று ஒழுங்காக வாசிக்கிறதென்றால் அதற்குப் பின்னால் முகம் தெரியாத பலரின் உழைப்பு இருக்கிறது.

அதற்கு முந்தி ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு எழுத்துரு, தனக்கென ஒரு குறியேற்றம் என்று கோட்டை கட்டிக்கொண்டிருந்தது. பல தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் தமிழாகத் தெரியும், மற்றதில் கிறுக்கலாகத் தெரியும். 'பத்மா' என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சி அந்தக் கிறுக்கலை ஒருங்குறியாக மாற்றிக் காட்டியது. 'தமிழா' குழுவைப் போன்ற தன்னார்வலர்கள் உலாவியின் பட்டிகளைத் தமிழாக்கினார்கள். ஒரு கட்டத்தில் ஃபயர்பாக்ஸுக்கு இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு தமிழாக்கங்கள் இருந்தன. எந்த வணிக நிறுவனம் இந்த வேறுபாட்டுக்கு மதிப்புக் கொடுத்திருக்கும்?

இந்தத் தமிழாக்கங்களை இலக்கியப் பிரதிகளாக யாரும் வாசித்ததில்லை. வாசிக்க வேண்டும். குரோமில் 'தாவல்' என்று இருக்கிற இடத்தில் ஃபயர்பாக்ஸில் 'கீற்று' என்று பார்த்திருக்கிறேன். தாவல் ஒரு ஓட்டத்தைச் சொல்கிறது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குக் குதிப்பது. கீற்றோ கொட்டகை போடுகிறவரின் சொல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. சொல்லைத் தேர்ந்தவர் இதையெல்லாம் யோசித்தாரா என்பது முக்கியமில்லை. யோசிக்கிற வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதே கேள்வி. சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்த்த ஒருவருக்கு இருந்தது. அந்த வாய்ப்பைத்தான் சுதந்திரம் என்று சொல்லத் தோன்றுகிறது. அது சிறியது, ஆனால் உண்மையானது.

4

இப்போது பிரச்சினைக்கு வருவோம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கத்தின் சொல்லைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று சொன்னோம். நல்ல சொல். 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் தன் உலாவியின் நிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே 'திறந்த மூலம்' என்ற சொல் பிறந்தது. வணிகர்களைப் பயமுறுத்தாத சொல் வேண்டும் என்பதற்காகவே பிறந்த சொல் அது. கட்டு அற்றது என்றால் யார் கட்டினார் என்ற கேள்வி வரும். திறந்தது என்றால் அப்படிக் கேள்வி வராது. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். வீடு யாருடையது?

2008-இல் வந்த குரோமின் அடித்தளமான குரோமியம் முழுக்கத் திறந்த மூலம். அதன் எந்திரமான பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட்டிலிருந்து 2013-இல் பிரிந்தது. வெப்கிட்டுக்கும் மூத்தது கேடிஇ திட்டத்தில் பலர் கூடி எழுதிய கேஎச்டிஎம்எல். அதாவது கூட்டுழைப்பின் விளைச்சல்தான் கைமாறி இங்கே வந்திருக்கிறது. 2013-இல் ஓபரா தன் எந்திரத்தைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு வந்தது. பெங்களூரின் எபிக், 2010-இல் ஃபயர்பாக்ஸ் வழியில் இந்திய உலாவியாகப் பிறந்து, 2013-இல் குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2020-இல் மாறியது. பிரேவ், விவால்டி எல்லாம் அதே. 'உலா' என்று அருமையான தமிழ்ப் பெயரோடு 2023-இல் ஜோஹோ கொண்டுவந்ததும் அதே. இந்திய அரசின் உள்நாட்டு உலாவிப் போட்டியில் 2025-இல் அதற்கு முதல் பரிசாக 1 கோடி ரூபாய் கிடைத்தது. பெயர் நம்முடையது, எந்திரம் அவர்களுடையது. தமிழ்ப் பெயரோடு கடலுக்குப் போகிற படகில் எஞ்சின் வெளியூர்க்காரனுடையது என்றால் மீனவர் யாரும் சிரிக்கமாட்டார், அது சகஜம். ஆனால் அதைச் சுதேசிப் படகு என்று யாரும் மேடைபோட்டுப் பேசவும் மாட்டார்.

திறந்திருப்பதால் என்ன பயன் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். நீட்சிகள் எப்படி இயங்கலாம் என்ற விதியைக் கூகிள் 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற பெயரில் மாற்றியது. விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி அதனால் 2024, 2025-இல் குரோமில் முடக்கப்பட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம் விளம்பரத் தடுப்பானுக்கு விதி எழுதுகிறது. நிரல் ஒவ்வொரு வரியும் பொதுவில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். வாசித்து? பிரித்தெடுத்துத் தனியாகப் பராமரிக்க நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் வேண்டும், வருஷாவருஷம் பணம் வேண்டும். உரிமை இருக்கிறது, திராணி இல்லை. நிலம் யாரும் வாங்கலாம் என்ற சட்டத்தை நிலமற்றவர் வாசிப்பது போலத்தான் இது.

5

அப்படியானால் ஃபயர்பாக்ஸ்? சொந்த எந்திரம் வைத்திருக்கிறது, பழைய வகைத் தடுப்பானையும் அனுமதிக்கிறது. ஆனால் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகிளை இயல்புநிலைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகிள் தரும் பணம். தேடல் சந்தையில் கூகிள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்து, பரிகாரம் பற்றிய விசாரணையில் 2025 மே மாதம் மொசில்லாவின் நிதி அதிகாரி, அந்தப் பணம் நின்றால் ஃபயர்பாக்ஸே அழியக்கூடும் என்று சாட்சி சொன்னார். குரோமை விற்க வேண்டியதில்லை, பணம் கொடுப்பதையும் தொடரலாம், தனியுரிமை ஒப்பந்தம் மட்டும் கூடாது என்று செப்டம்பரில் முடிந்தது. ஏகபோகத்துக்கு எதிரான மாற்று, ஏகபோகத்தின் பணத்தில் உயிர்வாழ்கிறது. மையம் தன் விளிம்பையும் தானே உற்பத்தி செய்துகொள்கிறது என்று கோட்பாட்டில் வாசித்தது இங்கே கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

இன்னொரு கதை நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமானது. 2014-இல் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் வைத்த இன்டெக்ஸ் கைபேசி இந்தியாவில் 1999 ரூபாய்க்கு வந்தது. ஏழைகளுக்கான திறந்த கைபேசி என்ற கனவு. 2015 டிசம்பரில் மொசில்லா அதைக் கைவிட்டது. அந்த நிரலிலிருந்து கிளைத்த கைஓஎஸ் 2017-இல் ஜியோபோனுக்குள் வந்தது, முன்பணம் 1500 ரூபாய். 2018-இல் கைஓஎஸில் கூகிள் 2.2 கோடி டாலர் முதலீடு செய்தது. பொத்தான் வைத்த அந்தப் போனில் பாட்டுக் கேட்டவர்கள், பிள்ளையின் தேர்வு முடிவு பார்த்தவர்கள் எல்லாரும் மொசில்லாவின் வாரிசைத்தான் கையில் வைத்திருந்தார்கள். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் விருப்பப்பட்ட செயலியை வெளியிலிருந்து போட முடியாது. உள்ளே திறந்த நிரல், வெளியே பூட்டு.

6

அரசு எங்கே நிற்கிறது? 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக்கில் உருவானது. நல்ல காரியம். ஆனால் மாணவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை, பாடத்திலும் இல்லை. கொடுத்ததும் அழித்தார்கள். குற்றம் மாணவர்மேல்.

அரசுத் தளங்களோ ஒரு காலத்தில் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பார்க்கவும்' என்று கீழே எழுதிவைத்திருந்தன. 2022 ஜூன் 15-இல் அது ஓய்வுபெற்றது. இப்போது எழுதிவைப்பதில்லை, வாயால் சொல்கிறார்கள். சான்றிதழுக்காகப் போன ஒரு சேவை மையத்தில், நான் என் மடிக்கணினியில் ஃபயர்பாக்ஸைத் திறந்ததும் அங்கிருந்த பையன் சிரித்துவிட்டான்: 'சார், இதுல ஓடிபி வராது, குரோம்ல போங்க. நாங்க எல்லாருக்கும் அதான் சொல்றது.' அவன் சொன்னது சரிதான். குரோமில் வேலை நடந்தது. ஒரு குடிமகன் தன் உரிமையைப் பெற ஒரு தனியார் நிறுவனத்தின் ஜன்னல் வழியாகத்தான் எட்டிப்பார்க்க வேண்டும் என்கிற நிலைமை அந்தப் பையனின் சிரிப்பில் சாதாரணமாகிவிட்டது. மீன்பிடித் தடைக்கால நிவாரணமோ முதியோர் உதவித்தொகையோ, எதற்கும் தளம்தான் வாசல் என்றான பிறகு இது தொழில்நுட்ப விஷயமில்லை, குடியுரிமை விஷயம்.

செயல்பாட்டாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உலாவியை மாற்றினால் பாதுகாப்பாகிவிட்டோம் என்று எண்ணவேண்டாம். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினியில் தீநிரல் வழியாகக் கோப்புகள் திணிக்கப்பட்டன என்று ஆர்சனல் நிறுவனம் 2021-இல் அறிக்கை தந்தது. அவ்வளவு தூரம் வருகிற அதிகாரத்தை எந்த உலாவியும் தடுக்காது. பாதுகாப்பை ஒரு பண்டமாகத் தேர்ந்து வாங்கலாம் என்ற நினைப்பே சந்தை கற்றுத்தந்தது.

பிறகு எதற்கு ஃபயர்பாக்ஸ்? இரண்டாவது எந்திரம் ஒன்று உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரே எந்திரம் மிஞ்சினால் அதன் நடத்தையே சட்டமாகிவிடும், தரம் என்று தனியாக எதுவும் இருக்காது. நான் அதைப் பயன்படுத்துவது இதற்காகத்தான், விடுதலை அடைந்துவிட்டேன் என்பதற்காக இல்லை. இது தனிமனித ஒழுக்கமாக இருந்தால் நாலு பேரோடு போய்விடும். கோரிக்கையாக மாறவேண்டும். அரசுத் தளம் எதுவும் குறைந்தது இரண்டு எந்திரங்களில் சோதிக்கப்படாமல் வெளிவரக் கூடாது என்று கேட்கவேண்டும். மீனவர் சங்கமும் உப்பளத் தொழிலாளர் சங்கமும் வைக்கிற மனுவில் அது ஒரு வரியாக வரவேண்டும். தமிழாக்கத்தில் நின்றுபோன வேலையைத் தொடர ஆள் வேண்டும், அதற்குக் கணினி அறிவைவிடத் தமிழறிவுதான் அதிகம் தேவை, அது இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களிடம் இருக்கிறது.

அதற்கெல்லாம் முந்தி ஒரு சின்ன வேலை. நம் சிற்றிதழ்களின் இணையப் பக்கங்களையே ஒருமுறை ஃபயர்பாக்ஸில் திறந்து பார்ப்போம். எத்தனை ஒழுங்காகத் திறக்கின்றன என்று எண்ணிவிட்டுப் பிறகு கூகிளைப் பற்றிப் பேசலாம்.