மலையக இலக்கியத்தில் முதுமை: ஊவாத் தோட்டங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

முதியோரை மதிப்பது தமிழர் பண்பாடு என்னும் கூற்று மேடைகளிலும் பாடநூல்களிலும் ஓயாது ஒலிக்கின்றது. அம்மதிப்பு இன்று குன்றிவிட்டதெனக் கருதுவோர், அதற்கு மேலைநாகரிகத்தையோ இளைஞரின் ஒழுக்கக்கேட்டையோ காரணமாகக் காட்டுவர். இவ்விரு சாராரும் முதுமைக்குரிய மதிப்பைப் பண்பாட்டின் மாறாக் குணமாகவே கொள்கின்றனர். சமூக உறவுகளின் விளைவாக அதனைக் காண்பதில்லை. பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றையும் அங்கு வேர்கொண்ட இலக்கியத்தையும் ஒருசேர நோக்குவோர்க்கு இப்பார்வையின் போதாமை புலனாகும்.

பழந்தமிழ்ச் சான்றுகளே இங்கு எச்சரிக்கையாய் அமைகின்றன. புறநானூற்றின் 183ஆம் பாட்டு, ஒரு குடியிற் பிறந்தோருள்ளும் மூத்தோனை விடுத்து அறிவுடையோனையே அரசு நாடும் என்கின்றது. 243ஆம் பாட்டில், கோலூன்றி நடுங்கும் முதியவர் தம் இளமையின் நீர்விளையாட்டை எண்ணி இரங்குகிறார். மூப்பு தானாகவே மதிப்பினைத் தந்ததில்லை என்பது இவற்றால் அறியப்படும். லியோ சிமன்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் எழுபத்தொரு சமூகங்களை ஒப்பிட்டு 1945இல் வெளியிட்ட நூல், முதியோர் நிலை உடைமை, அறிவு, சடங்குரிமை, உறவு ஆகியவற்றுக்கேற்ப வேறுபடுதலைக் காட்டிற்று. 1970இல் முதுமை பற்றிப் பெருநூல் எழுதிய சிமோன் தெ பொவ்வார், முதுமையிலும் வர்க்க வேறுபாடே வலிமையுடையது என்பதை வற்புறுத்தினார். நவீனமயமாதல் வளர வளர முதியோர் மதிப்புத் தேயும் என்று 1972இல் கௌகில், ஹோம்ஸ் ஆகியோர் முன்வைத்த கொள்கையோ தோட்டத்திற்குப் பொருந்துவதன்று. ஏனெனில், தோட்டம் மரபிலிருந்து நவீனத்துக்கு மெல்ல மாறிய கிராமம் அன்று. தொடக்கத்திலிருந்தே அது முதலாளித்துவ உற்பத்தி நிலையம். ஆயின், தன் தேவைக்காக மரபுறவுகளைக் கைக்கொண்ட நிலையம்.

கங்காணி முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆள் திரட்டி வந்தவன் பெரிய கங்காணி எனப்பட்டான். ‘பெரிய’ என்னும் அடைமொழி அகவையைக் குறிக்கவில்லை, அதிகாரத்தைக் குறித்தது. எனினும் குடும்பத் தலைவனுக்குரிய பணிவு முழுவதும் அவன்பாற் செலுத்தப்பட்டது. உறவும் சாதியும் ஊரும் கடனும் ஒரே கயிறாய் முறுக்கப்பட்டு, அக்கயிற்றின் நுனி துரையின் கையிற் கொடுக்கப்பட்டது. கங்காணியிடமிருந்து விடுதலைச் சீட்டுப் பெறாது தோட்டம் மாற இயலாத ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் அப்பணிவு எளிதில் மறையவில்லை. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கெனத் தெரிந்தெடுத்த சபை ஒன்றை அமைத்தனர். மூத்தவன், சாதியால் உயர்ந்தவன், ஆள் கட்டி வந்தவன் என்னும் தகுதிகளுக்கு எதிராகத் தெரிவு என்னும் தகுதி அங்கு முன்வைக்கப்பட்டது. ‘பெரியவர்’ என்னும் கருத்து முதன்முறையாகக் கேள்விக்குள்ளான இடங்களுள் இஃதொன்று எனலாம்.

முதியோரை வேறொரு வகையிற் சிறுமைப்படுத்தியது அரசு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், நாட்டிற் பிறந்தவரையும் வம்சாவளியைக் காட்டுமாறு கேட்டது. தந்தை இங்குப் பிறந்தவராதல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவராதல் வேண்டும். பிறப்புப் பதிவில்லாத பாட்டன் அன்று முதல் குடும்பத்தின் பெருமையாக அன்றிக் குடும்பத்தின் குறைபாடாகக் கணிக்கப்பட்டான். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது தலைமுறைகளும் பங்கிடப்பட்டன. பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல.

எனினும் மலையக முதுமையின் அடிப்படைச் சிக்கல் லயத்திலேயே உள்ளது. உழவர் குடியில் நிலம் மூத்தவர் பெயரில் இருக்கும். மகனின் இருப்புத் தந்தையின் நிலத்தைச் சார்ந்திருக்கும். யாழ்ப்பாணத்திற் சீதன வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுக்கும் தாயும் அதனாற் சில உரிமைகளைப் பெறுகிறாள். தோட்டத்தில் இவ்வுறவு தலைகீழாகின்றது. காம்பரா தோட்டத்துக்குரியது, செக்ரோலிற் பெயர் இருக்கும்வரை குடியிருப்புண்டு. வேலை விட்டு நின்றவரின் கூரை, பெயர் பதிந்து வேலை செய்யும் மகனையோ மருமகளையோ சார்ந்ததாகின்றது. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் என விதித்தது. நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்தவளுக்கு 560 நாட் சம்பளம்! அதுவும் சேமலாப நிதியும் கைக்கு வரும் சில வாரங்கள் கிழவி வீட்டின் எசமானி. மகளின் கல்யாணமோ பழைய கடனோ அதனை விழுங்கிய பின் அவள் இஸ்தோப்பிற் படுப்பவள். இதனை மருமகளின் கொடுமை என்று மட்டும் எழுதும் கதை, உண்மையின் ஓரத்தைத் தொட்டு மையத்தைத் தவறவிடுகின்றது.

மலையகப் புனைகதை இம்மையத்தை எவ்வளவு தூரம் கண்டுள்ளது? கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) தலைமுறைகளின் தொடர்ச்சியை நாவலின் கட்டமைப்பாகவே கொண்டது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மாந்தரின் உருவச் சித்திரங்களைத் தந்ததோடு, முதியோர் நாவில் வாழ்ந்த நாட்டார் பாடல்களையும் திரட்டினார். ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், ஊவா மண்ணின் வாழ்வை உள்ளிருந்து எழுதியவர். வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே காம்பராவில் முடங்க நேரும் அவலத்தைப் பொருளாகக் கொண்ட அவரது ‘மீன்கள்’, முதுமை பற்றிய கதையன்று. ஆயினும் நம் பொருளுக்கு அது மிக நெருக்கமானது. தந்தைக்குரிய மதிப்பு என்பது வெறும் மனப்பாங்கன்று, அதற்குச் சுவரும் கதவும் இடைவெளியும் வேண்டும் என்ற உண்மையை அக்கதை உணர்த்துகின்றது. ஒழுக்கத்தின் பௌதிக அடித்தளத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய கதைகள் தமிழிற் குறைவே.

இத்தகைய சாதனைகளுக்கிடையிலும் ஒரு குறைபாடு தொடர்கின்றது. மலையகக் கதைகள் பலவற்றில் முதியவர் இரு வார்ப்புகளுள் ஒன்றாகவே வருகிறார்: கப்பலேறி வந்த கதை சொல்லும் தாத்தா, அன்றேல், கைவிடப்பட்டு நம் இரக்கத்தைக் கோரும் கிழவி. முன்னவர் வரலாற்றின் வாய். பின்னவர் அறத்தின் சாட்சி. உழைப்புச் சக்தியை விற்று முடித்த தொழிலாளியாக, அந்த விற்பனையின் கணக்கைக் கேட்கும் உரிமையுடையவராக முதியவர் வருவது அரிது.

கிழவியின் உழைப்பு முடிந்துவிட்டதென்பதும் மெய்யன்று. தாய்மார் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வீட்டுப் பணிக்குச் சென்ற குடும்பங்களில் பேரக்குழந்தைகளை வளர்ப்பவள் அவளே. அடுத்த தலைமுறைத் தொழிலாளரை உருவாக்கும் அவ்வேலைக்குச் செக்ரோலில் இடமில்லை. இலக்கியத்திலும் அது பெரும்பாலும் பாசம் என்ற பெயரிலேயே பதிவாகின்றது.

இவ்விடத்து நம் ஆய்வுமுறைக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. உற்பத்தியிலிருந்து நீங்கியவருக்கு மதிப்பில்லை என்று வாய்பாடாகச் சொல்லிவிடுதலும் பிழையாகும். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றின் பாடல்களையும் அடவுகளையும் நினைவில் வைத்திருக்கும் முதிய வாத்தியார் முன் இளைஞர் இன்றும் பணிந்து நிற்பர். அந்த மதிப்பைத் துரையும் தரவில்லை, கங்காணியும் தரவில்லை. சமூகம் தனக்குத் தேவையான அறிவை ஒருவரிடம் காணும்போது தானே வழங்கும் மதிப்பு அது.

1823இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் வருகையின் இருநூறாண்டு நிறைவையொட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். மூதாதையரை நினைவுகூர்ந்த அந்நடை அரசியல் முக்கியத்துவம் வாய்ந்தது. காணியுரிமைக் கோரிக்கையும் அதனுடன் இணைந்திருந்தமை அதன் சிறப்பு. ஆனால் இறந்த மூதாதையருக்கு எழுப்பும் நினைவுச்சின்னம், இஸ்தோப்பில் இருமிக்கொண்டிருக்கும் மூதாதைக்கு ஈடாகாது. வீடும் காணியும் உழைத்தவர் பெயரில் உரிமையாகும் நாளிலேயே முதியவரை மதித்தல் அங்குப் பண்பாடாக வேர்கொள்ளும். அதுவரை, அவரை இரக்கத்தின் பொருளாக்காது உரிமையின் பொருளாக்குவதே மலையக எழுத்தாளர் முன்னுள்ள பணி. விமர்சகர் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே.