நின்றவளும் நிறுத்தியவர்களும்

பள்ளிக்கு வராமல் போன பிள்ளைகளைக் குறிக்கக் கல்வித் துறை வைத்திருக்கும் சொல் 'இடைநிற்றல்'. 'இடைநின்ற மாணவி' என்று எழுதும்போது நின்றவள் அவளே. தன்வினை. யாரும் எதுவும் செய்யவில்லை, பாதி வழியில் அவளாக நின்றுவிட்டாள். எங்கள் பக்கத்து வீடுகளில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. "பொண்ண ஒம்பதாவதோட நிறுத்திட்டோம்" என்றுதான் சொல்வார்கள். பிறவினை. நிறுத்தியவர் யார் என்பது அந்த ஒரு வினைமுற்றிலேயே இருக்கிறது. இந்த விஷயத்தில் அரசாணைத் தமிழைவிட அடுப்படித் தமிழ் நேர்மையானது. விடுபட்ட பிள்ளைகளைத் தொழில்நுட்பத்தின் வழியே படிப்புக்குத் திருப்பும் திட்டங்கள் எல்லாம் முதல் சொல்லை நம்பி வரையப்படுகின்றன, இரண்டாவதைக் கேட்பதே இல்லை. இதுதான் அவற்றின் மீது எனக்குள்ள விமர்சனம்.

நான் தாமல்காரி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். பட்டின் புகழ் காஞ்சி நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் உழைப்பு சுற்றுவட்ட ஊர்களின் வீடுகளிலும் நடக்கிறது. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்று வரும் கோர்வைச் சேலையை வழக்கமான கைத்தறியில் ஒருவர் தனியாக நெய்ய முடியாது. மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அது நெடுங்காலம் பிள்ளைகளின் கையாக இருந்தது. முன்பணத்துக்காகப் பட்டுத் தறிகளில் கட்டுண்டு கிடந்த குழந்தைகளைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. சட்டம், சத்துணவு, பல பேருடைய போராட்டம் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கைகளை விடுவித்தன. ஆனால் பெண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றினால் அது இன்றைக்கும் வேலைக் கணக்கில் வராது. 'அம்மாவுக்கு ஒத்தாசை' என்ற கணக்கில் போய்விடும்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட காலத்தில் அரசு முதலில் நம்பியது கல்வித் தொலைக்காட்சியை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டுத் தயாராக இருந்தது அது. இணையம் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், தொலைக்காட்சிப் பெட்டி போதும். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் அந்தப் பெட்டி ஏழை வீடுகளுக்குள்ளும் எப்போதோ வந்துவிட்டது. எந்தக் கருவி எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று பார்த்து எடுத்த முடிவு அது, அந்த அளவில் நியாயமானதும்கூட.

ஆனால் பள்ளிக்கூடம் செய்யும் ஒரு காரியத்தைத் தொலைக்காட்சியால் செய்ய முடியாது. பள்ளியில் தினமும் காலையில் பெயர் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி "உள்ளேன்" சொல்லவில்லை என்றால் மறுநாள் டீச்சர் "ஏன் வரல?" என்று கேட்பார். நாலு நாள் தொடர்ந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார். ஒரு பெண்பிள்ளை காணாமல் போனதை வீட்டுக்கு வெளியே ஒருவர் கவனிக்கும் ஏற்பாடு அநேகமாக அது ஒன்றுதான். திரைக்குப் பார்வையாளர்கள் தெரியும், வராதவர்கள் தெரியாது. கணிதப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும், அவள் ஒரு காதில் அதைக் கேட்டபடி தார் சுற்றிக்கொண்டிருப்பாள். தார் சுற்றுவது மட்டும் தொடர்ந்து, கேட்பது என்றைக்கு நின்றது என்று யாருக்கும் தெரியாது.

உயர் வகுப்புகளுக்கு வந்தது கைபேசி. அது யாருடையது என்ற கேள்வியில் வீட்டின் அதிகாரம் அப்பட்டமாகத் தெரியும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவு, ஆண்களோ பத்துக்கு ஏழு பேர். ஏசர் அமைப்பு 2023இல் இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் நடத்திய ஆய்வு இன்னும் கூர்மையானது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அது சொந்தமாக இருக்கிறதா என்று பார்த்தது. ஆண்பிள்ளைகளில் 43.7 விழுக்காட்டினரிடம் இருந்தது, பெண்பிள்ளைகளில் 19.8 விழுக்காட்டினரிடம். தெரியாததால் வந்த இடைவெளி இல்லை இது. தெரிந்தும் கையில் தராததால் வந்தது.

தறிக்காரர் வீட்டுப் பெண்ணிடம் போய்த் தொழில்நுட்பம் புதிது என்று சொன்னால் அவள் சிரிக்க வேண்டும். ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து எந்த இழை எழும்ப வேண்டும், எது படிய வேண்டும் என்று கட்டளையிடும் ஜக்கார்டு பெட்டி அவள் தலைக்கு மேலேயே தொங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டது இந்த அட்டை முறையைத்தான். தடை அறிவில் இல்லை. அண்ணன் மொட்டை மாடியில் போனோடு இருந்தால் 'ஆன்லைன் கிளாஸ்', தங்கை இருந்தால் 'யார்கிட்ட பேசற?' பல வீடுகளில் அந்தப் போனே அவளுக்குச் சீக்கிரம் மாப்பிள்ளை பார்ப்பதற்குக் காரணமாகவும் ஆனது.

கருவிகள் விட்ட இடத்தை நிரப்பியது எது? 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி'. மாலை நேரத்தில், தெருவிலேயே, ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் வகுப்பு. தன்னார்வலர்களைச் சேர்க்க இணையம், பதிவுக்குச் செயலி என்று தொழில்நுட்பம் இதிலும் இருந்தது. ஆனால் இங்கே அது பின்னால் நின்றது. முன்னால் நின்றது ஒரு அக்கா. "ஏன்டி நேத்து வரல?" என்று வாசலில் நின்று கேட்கக்கூடிய அக்கா.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். இழப்பு வசதியற்ற வீடுகளில் கூடுதல், மீட்சியும் அங்கேதான் கூடுதல். பெண்ணியவாதிகள் இதைக் குறைத்துப் பேசக் கூடாது.

பேசவேண்டியது வேறு இரண்டு விஷயம். முதலாவது, அந்த அக்காக்களுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். அதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, ஊக்கத்தொகை. பன்னிரண்டாவதோ பட்டமோ முடித்துவிட்டு வேலைக்குப் போகவிடாமல் வீட்டில் வைக்கப்பட்ட பெண்கள் தெருவெங்கும் இருந்ததால்தான் இத்தனை பேரை இவ்வளவு மலிவாகத் திரட்ட முடிந்தது. நிறுத்தப்பட்ட ஒருத்தியைக் கொண்டு இன்னொருத்தி நிற்காமல் பார்த்துக்கொண்டோம். தார் சுற்றுவது 'ஒத்தாசை' ஆனதுபோல, பாடம் சொல்லித்தருவது 'தன்னார்வம்' ஆனது.

இரண்டாவது, அந்த வகுப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. வீடுகள் பெண்ணை நிறுத்த யோசிக்கத் தொடங்குவதோ அதற்கு அப்புறம். மறுமுனையில் 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டம் கல்லூரியில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் ஒன்பதாவதில் நிறுத்தப்பட்டவள் அதன் வாசலுக்கே வருவதில்லை. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் உள்ள நாலு வருடம்தான் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அந்த நாலு வருடத்துக்கு இணையம் உதவும் என்றே நான் நினைக்கிறேன். பாடப்புத்தகத்தின் விரைவுக் குறியீட்டைத் தட்டினால் பாடம் ஓடுகிறது. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதவும் வழி இருக்கிறது. தேவை மூன்று: அவள் பெயரில் ஒரு கருவி, அதோடு உட்கார யாரும் வேலை ஏவாத ஒரு மணி நேரம், வராத நாளில் தேடி வரச் சம்பளம் வாங்கும் ஒரு பெண். முதலாவதை அரசு வாங்கித் தந்துவிடலாம், மாணவர்களுக்கு 2011 முதல் இலவச மடிக்கணினி கொடுத்த மாநிலம் இது. மூன்றாவதற்கு நிதி ஒதுக்கினால் போதும். இரண்டாவதை எந்த அரசாணையாலும் தர முடியாது. அதைத் தரவேண்டியவர்கள், "நிறுத்திட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்பவர்கள். பேச்சை அவர்களிடமிருந்து தொடங்குவோம்.