படத்தின் ஓரத்தில் ஒரு பெயர்

பிக்கட்டியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவைச் செல்போனில் படமெடுத்து இணையத்தில் போட்டேன். சில மாதம் கழித்து அதே படம் ஒரு தங்கும் விடுதியின் விளம்பரமாக வந்தது. ஓரத்தில் நான் போட்டிருந்த என் பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள். எனக்குக் கோபமான கோபம். 'ஆசிரியனின் மரணம்' பற்றி ரொலான் பார்த் 1967இல் எழுதியதைச் சொல்லிச் சொல்லியே தமிழ் எம்.ஏ. முடித்தவன் நான். என் படம் என்று வந்ததும் செத்த ஆசிரியன் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

நண்பர்கள் யோசனை சொன்னார்கள். பெயரை ஓரத்தில் போடாதே, நடுவில் மங்கலாகப் போடு. சிறிய அளவில் மட்டும் ஏற்று. மூலக்கோப்பைப் பத்திரப்படுத்து, அதுதான் சாட்சி. எல்லாம் உருப்படியான யோசனைகளே. சட்டமும் என் பக்கம்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கும் செல்லும்.

அக்காவிடம் விளம்பரத்தைக் காட்டினேன். "அவங்க உன்னையக் கேக்கலன்னு கோவப்படுறியே தம்பி, நீ என்னையக் கேட்டியா?" என்றார்.

பதிப்புரிமைச் சொல்லாடலுக்குள் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. அங்கே படமெடுக்கப்பட்டவர், பின்னால் தெரியும் மலையைப் போல ஒரு காட்சிப்பொருள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதே அக்கா ஊட்டியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்க் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அவர்தான். முகம் ஒன்றுதான். காசு கொடுத்து உட்கார்ந்தால் படம் அவருடையது; கூலிக்குக் குனிந்து நின்றால் என்னுடையது.

நீலகிரிக்கு இது பழைய கதை. தலையின் வடிவத்தைக் கொண்டு மனிதரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய வில்லியம் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி, தோடர்களைப் பற்றி ஒளிப்படங்களோடு எழுதிய புத்தகம் 1873இல் லண்டனில் வெளிவந்தது. காலனியப் பார்வை என்று அதைக் கட்டுடைப்பது எனக்குச் சுலபம். கேமரா என் கையில் இருக்கும்போது அந்தப் பார்வை எங்கே போகிறது என்பதுதான் சங்கடமான கேள்வி. நான் மார்ஷல் இல்லை. ஆனால் கேட்காமல் எடுத்ததில் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

சட்டத்தில் அக்காவுக்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையைப் பற்றிப் பேசியது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவ்வுரிமையை மீறுவதாகும் என்றது. அப்படிப் பார்த்தால் விடுதிக்காரர்கள் என்னிடம் திருடியது ஒரு கோப்பை. அவரிடம் திருடியது முகத்தை. ஒளிப்படப் பாதுகாப்பு பற்றிய நம் பேச்சு முழுக்க முதல் திருட்டைப் பற்றியதாகவே இருக்கிறது.

"பேத்திக்கு ஒரு காப்பி போட்டுக் குடு. வெளிய போட வேணாம்" என்றார் அக்கா. நான் போட்டிருந்த படத்தை நீக்கிவிட்டேன். விடுதி இன்னும் நீக்கவில்லை. புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் முதல் கையெழுத்து அவருடையது.